1,500 ரூபாய்க்கு ஒரு ‘முடியாது’

கடையின் பெயரை எழுதவில்லை. எழுத வேண்டாம் என்று அதை நடத்துகிற அம்மாவே சொல்லிவிட்டார். “இப்ப வர்றவங்களுக்கே பதில் சொல்லி மாளலை சார்” என்றார். வடசென்னையில் ஒரு சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ் இருக்கிற தெரு. கீழே ஜெராக்ஸ் கடை, பக்கத்தில் இரும்புப் படி, ஏறினால் பத்துக்குப் பன்னிரண்டில் ஓர் அறை. போர்டில் மூன்று வரி: பிளான் அப்ரூவல், பட்டா மாறுதல், நில உபயோக விவரம். மூன்றாவது வரிக்காகப் போனவன் நான். கொடுத்த காசுக்கு என்ன கிடைத்தது என்று எழுதி வைக்கிறேன்.

ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையில் 34 வருடம் வெல்டிங் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். கொளத்தூரில் ஒரு கிரவுண்டில், அதாவது 2,400 சதுர அடியில், சொந்த வீடு, 1996-ல் கட்டியது. மேலே நாங்கள். கீழே குடியிருந்தவர்கள் சித்திரையில் காலி செய்தார்கள். அந்த வாரமே மாப்பிள்ளை ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஆன்லைனில் வாங்குகிற சாமான்களை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்க் கொடுக்கிற கம்பெனிக்காரர். பார்சலை இறக்கிப் பிரித்து அனுப்ப இடம் வேண்டுமாம். மாதம் 45,000 வாடகை. குடும்பத்துக்கு விட்டால் 16,000-த்தைத் தாண்டாத வீடு அது.

“மாமா, பத்து மாச அட்வான்ஸ். யோசிக்கவே வேணாம்” என்றார் மாப்பிள்ளை. நானும் யோசிக்கவில்லை. ராத்திரி முழுக்க 45-ஐ 12-ஆல் பெருக்கிக்கொண்டிருந்தேன்.

கம்பெனிக்காரர் மறுநாள் ஒரு காகிதம் கேட்டார். பட்டா காட்டினேன், சொத்து வரி ரசீது காட்டினேன், வில்லங்கச் சான்று காட்டினேன். “இதெல்லாம் ஓகே சார், லேண்ட் யூஸ் என்னன்னு எங்க லீகல்ல கேக்கறாங்க” என்றார். நிலம் என்னுடையது, உபயோகமும் என்னுடையதுதானே என்று நினைத்தேன். அப்படி இல்லை என்று தெரிந்துகொள்ளத்தான் அந்த இரும்புப் படி ஏறினேன்.

உள்ளே இரண்டு மேஜை. ஒன்றில் அந்த அம்மா. சிவில் படித்துப் பதிவு பெற்ற பொறியாளர், நாற்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். இன்னொன்றில் அவருடைய அப்பா, எண்பதைத் தாண்டியவர், அந்தக் காலத்து டிராஃப்ட்ஸ்மேன். சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தை அவர் இன்னமும் சி.எம்.டி.ஏ. என்று சொல்ல மாட்டார், பழைய பெயரில் எம்.எம்.டி.ஏ. என்றுதான் சொல்வார். எந்த இடத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று நகரத்துக்கே வகுத்துச் சொல்கிற மாஸ்டர் பிளான் முதன்முதலில் வந்த 1975-லிருந்து இந்த வேலையில் இருக்கிறார். 61 வயதில் என்னைத் தம்பி என்று கூப்பிட ஓர் ஆள் கிடைத்ததில் பாதிக் கட்டணம் அங்கேயே கழிந்துவிட்டது.

சுவரில் கட்டண அட்டை. நில உபயோகம் பார்த்து எழுதிக்கொடுக்க 1,500. நேரில் வந்து அளக்க 500 சேர்த்து. பேரம் கிடையாது என்று அடியில் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவில் எழுதியிருந்தது. பேரம் பேசிப் பார்த்தேன், கிடையாதுதான்.

முதலில் அந்த அம்மா செய்த காரியம் எனக்குப் பிடித்துப்போனது. கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பி, சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் தளத்தில் நில உபயோகத் தகவல் பார்க்கிற பக்கத்தைத் திறந்து காட்டினார். “கிராமத்தைத் தேர்ந்தெடுத்து சர்வே நம்பர் போட்டா என்ன ஜோன்னு வரும். இதை வீட்ல உக்காந்து நீங்களே பார்க்கலாம், காசு கிடையாது. அப்புறமும் என்கிட்ட காட்டணும்னு தோணினா காட்டுங்க” என்றார். கடைக்காரரே இலவசச் சரக்கைக் காட்டிவிட்டு வியாபாரம் பேசுவதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

சரி, என் நம்பரைப் போடுங்கள் என்றேன். எந்த நம்பரை என்று கேட்டார். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். என் பத்திரத்தில் இருப்பது பழைய சர்வே எண். இப்போது கையில் இருக்கிற பட்டாவில் இருப்பது வார்டு, பிளாக், டவுன் சர்வே எண். இரண்டும் ஒரே மண்தான், ஆனால் எண்ணைப் பார்த்தால் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. மாஸ்டர் பிளான் பேசுவது ஒரு பாஷை, பட்டா பேசுவது ஒரு பாஷை. டி.எஸ்.எல்.ஆர். என்கிற நகர நில அளவைப் பதிவேட்டு நகலை எடுத்து, அதில் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் பொருத்தி, உட்பிரிவு சரியா என்று நிலத்தின் அளவு வரைபடமான புலப்படத்தில் பார்த்த பிறகுதான் தேட முடியும். உட்பிரிவு தவறினால் பக்கத்து மனையின் ஜாதகத்தைப் பார்த்துவிட்டுச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருப்போம்.

அந்த வேலையைப் பெரியவர் செய்தார். புலப்பட நகலைக் கண்ணாடித் தகட்டின் மேல் விரித்து, முக்கோண ஸ்கேலை வைத்து, இடது கையில் பூதக்கண்ணாடி, வலது கையில் சிவப்புப் பென்சில். பென்சில் முனையை ஒவ்வொரு கோட்டுக்கும் நாக்கில் தொட்டுக்கொண்டார். என் மனையின் நான்கு மூலையையும் தொட்டுவிட்டு, “கிழக்க ஒண்ணரை அடி வாங்கிட்டான் தம்பி பக்கத்து வூட்டுக்காரன், தெரியுமா?” என்றார். தெரியாது. இருபத்தெட்டு வருடமாகத் தெரியாது. அது வேறு பஞ்சாயத்து, இங்கே வேண்டாம்.

இரண்டு நாளில் வரச் சொன்னார்கள். போனேன். ஒரே தாள். என் மனை இரண்டாவது மாஸ்டர் பிளானில் பிரைமரி ரெசிடென்ஷியல், அதாவது முதன்மைக் குடியிருப்பு. பார்சல் கிடங்குக்கு முடியாது.

“நீங்க கட்டியிருக்கிறதே வீடு, அது பிளான் வரைபடத்துல மஞ்சள் ஜோன். கிடங்குங்கிறது இந்த ஜோன்ல வர்ற உபயோகமே இல்லை சார்” என்றார் அந்த அம்மா. நான் விடவில்லை. பட்டாவில் ‘மனை’ என்றுதானே இருக்கிறது, மனை என்றால் என்ன வேண்டுமானாலும் செய்யலாம் இல்லையா என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்னதுதான் என் 1,500 ரூபாய்.

பட்டாவில் நஞ்சை, புஞ்சை, மனை, நத்தம் என்று போடுவது வருவாய்த் துறை. அது வரி வசூலுக்காக வந்த வகைப்பாடு. மாஸ்டர் பிளானில் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், தொழில், நிறுவனம், திறந்தவெளி, விவசாயம் என்று போடுவது 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் கீழ் வருவது. ஒன்றில் இருப்பது இன்னொன்றைக் கட்டுப்படுத்தாது. பட்டாவில் புஞ்சை என்றிருக்கிற நிலம் பிளானில் வணிகமாக இருக்கலாம். பட்டாவில் மனை என்றிருப்பது பிளானில் விவசாயமாக இருக்கலாம். இதற்கு மேல் மாநகராட்சியின் சொத்து வரி ஒன்று, மின்வாரியத்தின் கட்டண வகை ஒன்று. “வணிகக் கட்டணத்துல கரண்ட் பில் கட்டறேன், வணிக ரேட்டுல சொத்து வரி கட்டறேன், அதனால இது வணிக இடம்னு நிறையப் பேர் வந்து சண்டை போடுவாங்க. பணத்தை யார் குடுத்தாலும் வாங்கிப்பாங்க சார். வாங்கிக்கிட்டதால அனுமதின்னு ஆயிடாது.”

எதிர் வரிசையில் ஜிம் நடக்கிறதே என்று கேட்டேன். எல்லாரும் கேட்கிற கேள்விதான் போலிருக்கிறது, தலையைக்கூட நிமிர்த்தவில்லை. “அவர் வந்து கேட்டிருந்தா அவர்கிட்டயும் இதையேதான் சொல்லியிருப்பேன். யாராவது புகார் எழுதற வரைக்கும் ஓடும். எழுதிட்டா சட்டத்தோட 56, 57-ஆம் பிரிவுன்னு நோட்டீஸ் வரும், அப்புறம் பூட்டு, சீல்.” பார்சல் வண்டி காலை ஐந்து மணிக்கு ரிவர்ஸ் எடுக்கிற சத்தத்தைப் பொறுத்துக்கொள்கிற அக்கம்பக்கம் எனக்கு இல்லை. என் பக்கத்து வீட்டுக்காரர் எழுதுவதில் சளைத்தவர் அல்ல. ஒன்றரை அடி விஷயத்தை நான் கிளப்பினால் இன்னும் வேகமாக எழுதுவார்.

ஜோனை மாற்ற முடியாதா என்றும் கேட்டேன். முடியும். விண்ணப்பம், கட்டணம், பத்திரிகையில் விளம்பரம், ஆட்சேபணை கேட்பது, கடைசியில் அரசிதழில் அறிவிப்பு. இன்ன கிராமம், இன்ன சர்வே எண், இன்ன பரப்பு, இன்ன உபயோகத்திலிருந்து இன்ன உபயோகத்துக்கு என்று அரசிதழில் வருகிற ஓர் அறிவிப்பை எடுத்துக் காட்டினார். சட்டத்தின் 32-ஆம் பிரிவில், நான்காவது உட்பிரிவில் வருவது. “இது ஏக்கர் கணக்குல வெச்சிருக்கறவங்களுக்கு. தெருவுக்கு நடுவுல இருக்கிற ஒரு கிரவுண்டுக்கு நான் உங்களுக்குச் சொல்ல மாட்டேன், உங்க காசும் என் நேரமும் வேஸ்ட்” என்றார். அந்த வேலையை ஏற்றுக்கொண்டிருந்தால் அவருக்கு நல்ல பணம். என்னைத் திருப்பி அனுப்பினார்.

முடியாது என்று சொல்வதோடு நிறுத்தியிருந்தால் ஐந்துக்கு மூன்று கொடுத்திருப்பேன். அதே தாளின் பின்பக்கத்தில் என்னென்ன முடியும் என்று எழுதியிருந்தார். முதன்மைக் குடியிருப்பு என்றால் வீடு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. அன்றாடச் சாமான் விற்கிற சின்னக் கடை, டீக்கடை, பால் பூத், சைக்கிள் ரிப்பேர், தையல் கடை, முடிதிருத்தகம், அங்கேயே குடியிருக்கிற டாக்டரோ வக்கீலோ வைக்கிற அறை, மழலையர் பள்ளி, இதற்கெல்லாம் அந்த வகையில் இடமுண்டு. ஒவ்வொன்றுக்கும் நிபந்தனை இருக்கிறது, அதையும் எழுதியிருந்தார். விதி எழுதியவர்கள் ஒரு தெருவுக்கு என்ன வேண்டும் என்று நடந்து பார்த்துத்தான் எழுதியிருக்கிறார்கள் போல. நடந்து போய் வாங்குகிற சாமானெல்லாம் தெருவுக்குள், லாரியில் வருவதெல்லாம் வெளியே. இப்படிச் சொன்னால் அந்த அம்மா ஒப்புக்கொள்ள மாட்டார். விதிவிலக்கு பத்து சொல்வார்.

500 ரூபாய் சேர்த்துக் கொடுத்து வீட்டையும் அளக்கச் சொன்னேன். ஒரு சனிக்கிழமை காலை அந்த அம்மா டேப்போடு வந்தார். டேப்பின் ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டு ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றேன். பத்திரத்தில் 30 அடிச் சாலை. அளந்தால் ஓரிடத்தில் 27 அடிதான் வந்தது. எதிர்வீட்டுக்காரர் கார் ஏற்றச் சாய்வாகப் போட்ட சிமெண்ட் மேடை. அதைத் தாண்டிச் சுவர் வரைக்கும் பிடிக்கச் சொன்னார், 30 வந்துவிட்டது. மூன்று இடத்தில் அளந்து மூன்றையும் எழுதினார். ரோடு அகலம் எதற்கு என்றால், முன்னால் எவ்வளவு காலி விட வேண்டும், எவ்வளவு உயரம் போகலாம், காசு கட்டிக் கூடுதல் பரப்பு கட்டிக்கொள்கிற பிரீமியம் எஃப்.எஸ்.ஐ. வாங்க வழி உண்டா என்பதெல்லாம் அதில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது. 30 அடி என்பது 9 மீட்டருக்குக் கிட்டத்தட்ட அரை அடிதான் கூடுதலாம். அந்த 9 மீட்டர் பல அட்டவணைகளில் ஓர் எல்லைக் கோடு என்பதால்தான் அத்தனை கவனமாக அளந்திருக்கிறார். அது தெரிந்த பிறகு எதிர்வீட்டுச் சிமெண்ட் மேடையைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

பிறகு மாடிக்கு ஏறினார். அதற்குள் நான் காப்பி சாப்பிட்டுவிட்டுப் போகலாமே என்று இரண்டு முறை சொன்னேன். மொட்டை மாடியில் ஓர் அறை இருக்கிறது. 2005-ல் மகள் படிப்புக்காகப் போட்டது. அனுமதி வாங்கிய பிளானில் இல்லை.

எஃப்.எஸ்.ஐ. என்று எல்லாரும் சொல்கிற தளப்பரப்புக் குறியீடு எனக்கு அன்றுதான் விளங்கியது. நான் கட்டும்போது ஒன்றரை. 2,400 சதுர அடி மனையில் 3,600 சதுர அடி கட்டலாம். 2019-ல் தமிழ்நாடு முழுவதற்கும் சேர்த்து வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில் அது சாதாரணக் கட்டடத்துக்கு 2 ஆனது. அதே மனையில் 4,800. என் வீடு அந்த அறையையும் சேர்த்து 2,500-ஐத் தொடவில்லை. அப்படியானால் தப்பே இல்லையே என்றேன்.

“அளவு மிச்சம் இருக்கு சார். ஆனா அனுமதி வாங்கின வரைபடத்துல அறை இல்லை. ரெண்டும் வேற.”

இதை மட்டும் எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பெட்டி கட்டுகிற இடத்தில் டிராயிங்கில் இல்லாத ஒரு ஓட்டையைப் போட்டால், அது எவ்வளவு வலுவான இடமாக இருந்தாலும் இன்ஸ்பெக்ஷனில் நிற்காது. 34 வருடம் அதைச் செய்யாதவன் வீட்டில் செய்திருக்கிறேன்.

2007 ஜூலை 1-க்கு முன்பு கட்டிய விதிமீறல் கட்டடங்களை வரன்முறைப்படுத்த 113-சி என்று ஒரு பிரிவு கொண்டுவந்து விண்ணப்பம் வாங்கினார்கள். என் அறை அந்தத் தேதிக்குள் வருகிறது. பேப்பரில் வந்தபோது படித்தேன், யாருக்கோ என்று மடித்து வைத்துவிட்டேன். இப்போதைக்குத் தாளில் ‘அனுமதியில்லாத அறை, சுமார் 140 சதுர அடி’ என்று ஒரு வரி. எழுதாமல் விட முடியாதா என்று கேட்டதற்கு, “நீங்க எனக்குக் காசு குடுத்ததே இருக்கிறதை எழுதத்தானே” என்றார். பதில் சொல்ல முடியவில்லை.

இடித்துக் கட்டினால் என்ன ஆகும் என்பதையும் கேட்டு வைத்துக்கொண்டேன். 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையில், 2,500 சதுர அடிக்குள் இருக்கிற மனையில் 3,500 சதுர அடிக்குள் தரைத்தளமோ அதோடு ஒரு மாடியோ வீடு கட்டினால் இணையத்தில் விண்ணப்பித்து உடனே அனுமதி எடுத்துவிடலாம். என் மனை அதற்குள் அடங்கும். ஆனால் சுயசான்று என்றால் சான்று சொல்வது நாம், பொய்யானால் மாட்டுவதும் நாம் என்பதை இரண்டு தடவை சொன்னார்.

இனி இந்தக் கடைக்கு நான் ஒரு மாதம் முன்னால் போயிருக்க வேண்டிய கதை.

பணி ஓய்வுப் பணத்தில் கொஞ்சத்தை மண்ணில் போடலாம் என்று செங்குன்றம் பக்கம் 1,200 சதுர அடி மனை ஒன்றுக்கு 25,000 டோக்கன் கொடுத்திருந்தேன். புரோக்கர் தெரிந்தவர், பேரைச் சொல்லப்போவதில்லை. ‘பஞ்சாயத்து அப்ரூவல், ரீசேல், உடனே பத்திரம்’ என்றார். ரோடு போட்டு, கல் நட்டு, வாசலில் ஆர்ச்சும் இருந்தது. பேச்சோடு பேச்சாக அந்தச் சர்வே எண்ணையும் அந்த அம்மாவிடம் நீட்டினேன். இதற்குத் தனியாகக் காசு வாங்கவில்லை.

மாஸ்டர் பிளானில் விவசாய உபயோகம். அது பாதிதான். பெரியவர் ஒரு பழைய கட்டைப் பிரித்துக் கிராமப் பெயர்ப் பட்டியலில் விரல் வைத்தார். செங்குன்றம் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதி. சென்னைக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுக்கிற ஏரி என்பதால் அதற்கு மழைத்தண்ணீர் வந்து சேருகிற கிராமங்களைப் பெயர் சொல்லிக் குறித்து, அங்கே கட்டுமானத்தைத் தனியாகக் கட்டுப்படுத்தியிருக்கிறார்கள். திருவான்மியூருக்குத் தெற்கே கடற்கரையோரம் நிலத்தடி நீர் ஊறுகிற பகுதிக்கும் இப்படி ஒரு தனிக் கணக்கு உண்டு. ஜோன் நிறத்தை மட்டும் பார்த்தால் இதெல்லாம் தெரியாது, அதற்கு மேல் இன்னொரு வலை விரித்திருக்கிறது.

பஞ்சாயத்து அப்ரூவல் என்ற வார்த்தையைக் கேட்டதும் பெரியவர் சிரித்தார். மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுக்கிற அதிகாரம் பஞ்சாயத்துத் தலைவருக்குக் கிடையாது. இந்தப் பக்கம் சி.எம்.டி.ஏ., அந்தப் பக்கம் டி.டி.சி.பி. என்கிற நகர் ஊரமைப்பு இயக்ககம். “ரப்பர் ஸ்டாம்ப் வெச்சிருக்கறவனெல்லாம் எம்.எம்.டி.ஏ. ஆயிட முடியுமா தம்பி?”

ஆனால் பத்திரம் ஆகும் என்று புரோக்கர் சொன்னது பொய்யில்லை. அதுதான் இதில் நுட்பம். 2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று உயர்நீதிமன்றம் தடை போட்டது. பிறகு 2016 அக்டோபர் 20-ஐ ஒரு கோடாக வைத்து, அதற்கு முன்பே மனையாகப் பதிவானதை மறுபடி பதிவு செய்ய வழிவிட்டார்கள். அங்கீகாரமில்லாத மனைகளுக்கு 2017-ல் வரன்முறைத் திட்டமும் வந்தது. எனக்குக் காட்டிய மனை 2014-ல் ஒருமுறை பதிவானது. அதனால் சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸில் தடை இருக்காது, பத்திரம் என் பேருக்கு வந்துவிடும். வீடு கட்டப் பிளான் போடும்போதுதான் வரன்முறை ஆணை எங்கே என்று கேட்பார்கள். அன்றைக்குப் புரோக்கர் போனை எடுக்க மாட்டார். போனை எடுத்து எடுத்து, ஆறு வாரம் நடந்து, 25,000-ல் 15,000 திரும்பி வந்தது. மிச்சம் 10,000 பற்றி வீட்டில் பேசுவதில்லை.

கடையில் குறை இல்லாமல் இல்லை. முதலில் கொடுத்த தாளில் என் உட்பிரிவு எண்ணில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. நான்தான் கண்டுபிடித்தேன். அந்த அம்மா முகம் மாறி, மறுபடி முழுக்கத் தேடிப் பார்த்து, முடிவு அதேதான் என்று உறுதி செய்து, கையெழுத்துப் போட்டுப் புதிய தாள் கொடுத்தார். மன்னிப்பும் கேட்டார். இருந்தாலும் உட்பிரிவைப் பற்றி எனக்கு அரைமணி நேரம் பாடம் எடுத்தவரிடம் அந்த எழுத்தே விட்டுப்போனது எனக்கு உறுத்தலாகத்தான் இருந்தது. வாங்குகிற தாளை உங்கள் பட்டாவோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பாருங்கள்.

தாள் முழுக்க இங்கிலீஷ். கம்பெனிகளும் வங்கிகளும் அப்படித்தான் கேட்கிறார்களாம். தமிழில் ஒரு பக்கம் சேர்த்துக் கொடுத்தால் என் மனைவியும் படித்திருப்பாள், மாப்பிள்ளையிடம் நான் ஒருவனே வாதாட வேண்டியிருந்திருக்காது. ரசீது கேட்டால்தான் கிடைக்கும். காலை பதினொன்றுக்கு முன்னால் போனை எடுப்பதில்லை; அந்த நேரத்தில் டேப்போடு எங்கேயாவது தெருவில் நிற்பார். பெரியவரின் பொடி டப்பா இன்னொரு பிரச்சினை, தும்மல் வந்தால் வரைபடங்கள் பறக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இது அரசாங்கச் சான்று அல்ல. பொறியாளர் ஒருவர் பார்த்து எழுதிக் கொடுக்கிற விவரம், அவ்வளவுதான். அதை அவரே தாளின் தலையில் எழுதியிருக்கிறார். கீழே தேதி போட்டு, ‘இத்தேதியில் நடப்பில் உள்ள பிளானின்படி’ என்றும் எழுதியிருக்கிறார். ஏன் என்றால், 2008-ல் வந்த இரண்டாவது மாஸ்டர் பிளான் 2026 வரைக்குமானது, மூன்றாவதைத் தயாரித்துக்கொண்டிருக்கிறார்கள். இன்று மஞ்சளாக இருப்பது நாளைக்கு வேறு நிறமாகலாம், ஆகாமலும் போகலாம். 2022-ல் பெருநகர்ப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904-க்கு விரித்துவிட்டார்கள், அரக்கோணம் பக்கம் வரைக்கும் போகிறது. அந்தப் பக்கத்து ஆட்கள் மூட்டை மூட்டையாகக் காகிதத்தோடு இந்த இரும்புப் படியில் ஏறுவதை நானே பார்த்தேன்.

மாப்பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் வருத்தம்தான். “நம்ம ஏரியால யார் மாமா இதெல்லாம் பார்க்கறாங்க” என்றார். தாளை நீட்டினேன். கம்பெனிக்காரருக்கும் போனில் படம் எடுத்து அனுப்பினேன். ‘தேங்க்யூ சார்’ என்று ஒரு கும்பிடு வந்தது, அதோடு சரி. இரண்டு தெரு தள்ளி மெயின் ரோட்டில் இடம் பிடித்துவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

கீழ்வீட்டு முன்பகுதியில் இப்போது தையல் கடை. அக்காவும் தங்கையுமாக இரண்டு பேர், பிளவுஸ் தைக்கிறார்கள், பின்பகுதியில் அவர்களே குடியிருக்கிறார்கள். வாடகை 18,000. கடைக்கு மட்டும் தனி மீட்டர் போட்டு வணிகக் கட்டணத்துக்கு மாற்றச் சொன்னதும் அந்த அம்மாதான். வீட்டு இணைப்பில் கடை ஓட்டினால் மின்வாரியம் தனியாக அபராதம் போடும் என்றார். தையல் மெஷின் சத்தம் மதியம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் மனைவி முதல் வாரமே நான்கு பிளவுஸ் கொடுத்துவிட்டார்.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். அரை மதிப்பெண் உட்பிரிவு எழுத்துக்குப் போனது, அரை அந்தத் தமிழ்ப் பக்கத்துக்கு. ஞாயிறும் அமாவாசையும் விடுமுறை; முகூர்த்த நாளில் போகாதீர்கள், பத்திரப் பதிவுக் கூட்டத்தில் படி ஏறவே இடமிருக்காது. பத்திரம், பட்டா, டி.எஸ்.எல்.ஆர். மூன்றுக்கும் நகல் எடுத்துப் போங்கள், கீழ்க்கடையில் பக்கம் இரண்டு ரூபாய். முட்டிவலிக்காரர்கள் ஜெராக்ஸ் கடைப் பையனிடம் சொன்னால் அந்த அம்மா இறங்கி வந்து கீழேயே பேசுவார். பெரியவரைப் பார்க்க வேண்டுமென்றால் ஏறித்தான் ஆக வேண்டும்.